வண்டி போகாத பள்ளத்தாக்கு

கம்பெனி முதலாளி டோர்கெய்ர் அந்த வரைபடத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டியபோது ரவ்னாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்ததும் சுவரிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

நார்வேயின் வடகோடி மேட்டுநிலம் முழுக்கப் பச்சைக் கோடுகள். மூன்று குளிர்காலமாகக் கம்பெனி வேன்கள் போய்வந்த வழியெல்லாம் அதில் பதிந்திருந்தது. மேகம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடி, வானத்தில் துருவ ஒளி ஆடுவதைக் காட்டிவிட்டுத் திரும்புவதுதான் தொழில். கோடுகளில் முக்கால்வாசி ரவ்னா ஓட்டியவை. ஊர்க்காரி அவள் ஒருத்திதான். மற்ற வழிகாட்டிகள் அவள் போன தடத்திலேயே போகிறவர்கள். ஏரிக்கரை, ஆற்றுப்பாலம், மலையடிவாரம் என்று எல்லா இடத்தையும் பச்சை தொட்டிருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"இது என்ன?" என்றான் டோர்கெய்ர்.

"எது?"

"இந்த ஓட்டைதான். சுத்திச் சுத்திப் போயிருக்கே. ஸுவ்ராப் பள்ளத்தாக்கு முனை வரைக்கும் போயிருக்கே, அங்கேருந்து திரும்பியிருக்கே. ஒரு தடவையாவது உள்ள போகணும்ல? என்ன இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல. சதுப்பு."

"ஜனவரியில சதுப்பா! யாருக்குக் காது குத்தறே?"

"வண்டி மாட்டிக்கும்."

"கரண்ட் கம்பெனிக்காரன் பாதையில பனி தள்ளி வச்சிருக்கான். நேத்துதான் பாத்தேன்." டோர்கெய்ர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டான். "நான் ஒண்ணு கேள்விப்பட்டேன். நீ தனியா கம்பெனி ஆரம்பிக்கப் போறியாமே. நல்ல இடத்தை உனக்குன்னு பத்திரப்படுத்தி வச்சிருக்கியோ?"

மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த சோன்ட்ரெ சிரித்தான். தெற்கிலிருந்து இந்தக் குளிர்காலத்துக்கென்று வந்த வழிகாட்டி. நல்ல பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்றான்.

"வேணாம்," என்றாள் ரவ்னா.

சொன்னது சரி. சொன்ன வேகம்தான் தப்பு. ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸுவ்ராவில் நின்றிருந்தது அவளுடைய அண்ணன் இஸ்ஸாத்தின் கலைமான் மந்தை. கிறிஸ்துமஸிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் வருஷாவருஷம் அங்கேதான். அதில் ரவ்னாவுக்குச் சொந்தமென்று காதில் குறி வெட்டிய மான்களும் உண்டு. இந்த வருஷம் கூடுதல் கஷ்டம். நவம்பரில் பெய்யக்கூடாத மழை பெய்து, அதற்குமேல் உறைந்து, மேட்டுநிலம் பூராவும் மான் தின்னும் பாசிக்கு மேல் கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. மான் குளம்பால் தோண்டினால் சறுக்குகிறதே தவிர வாய்க்கு ஒன்றும் எட்டுவதில்லை. ஸுவ்ராவில் மட்டும் பனி மாவு மாதிரி இருந்தது. சினையாக இருந்த மான்களெல்லாம் அந்த ஒரு பள்ளத்தாக்கை நம்பித்தான் இருந்தன.

இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்கிற வழக்கமில்லை. ஓர் ஆளிடம் எத்தனை மான் வைத்திருக்கிறாய் என்று கேட்பதே இங்கே மரியாதை கெட்ட பேச்சு. மந்தை இப்போது எங்கே நிற்கிறது என்று வெளியாளிடம் சொல்வது, பீரோ சாவியைத் தெருவில் போகிறவன் கையில் கொடுப்பதற்குச் சமம். ரவ்னா பல்லைக் கடித்துக்கொண்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று வருஷமாக ஒரு வார்த்தை வெளியே விடாமல் காத்ததை அவளுடைய சக்கரங்களே படம் போட்டுக் காட்டிவிட்டன என்று நினைக்க நினைக்கக் கோபம் மண்டைக்கு ஏறியது. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றைய கூட்டத்தில் எட்டுப் பேர். டென்மார்க்கிலிருந்து நான்கு நண்பர்கள், ஸ்பெயினிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி, பீரங்கி சைஸில் கேமரா வைத்திருந்த யோரிஸ் என்கிற டச்சுக்காரன், பிறகு லைப்சிக் நகரத்தில் நாற்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற டீட்லிண்டெ. அந்த அம்மாள் முன்சீட்டில் ரவ்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாற்றுவதையெல்லாம் மேற்பார்வை பார்த்தபடி வந்தாள்.

"உங்ககிட்ட எத்தனை மான் இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்பதுதான். ரவ்னாவும் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னாள். "உங்க பேங்க்ல எவ்வளவு இருக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் ஆள் அசடு வழிந்து அடங்கிவிடுவார். டீட்லிண்டெ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உண்மையிலேயே தொகையைச் சொல்லிவிட்டாள். வேன் முழுக்கச் சிரிப்பு. "இப்ப நீங்க சொல்லணும்," என்றாள் விடாமல். அவ்வளவு கடுப்பிலும் ரவ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாஸ்தே ஏரிக்கரையில் அவள் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் வேனை நிறுத்தினாள். சூரியன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே கும்மிருட்டு. எதிர்க்கரைக் காட்டுக்கு மேல் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு கிளம்பியது. அது பச்சையாகி, அகலமாகி, ஓரத்தில் சிவப்பு கட்டி, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதறி விரிந்தது. எட்டுப் பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யோரிஸ் மூன்றுகால் கட்டையைப் பனியில் ஊன்றினான். அப்போதுதான் ரவ்னாவின் போன் அடித்தது.

"யார்கிட்ட சொன்னே?" என்றான் இஸ்ஸாத். ஹலோகூட இல்லை.

"என்னது?"

"யார்கிட்ட வாயைத் திறந்தேன்னு கேக்கறேன். பள்ளத்தாக்குக்குள்ள வேன் வந்து நிக்குது. முன்விளக்கு ரெண்டும் பளீர்னு எரியுது. மேல என்னமோ வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டுப் பறக்குது. மந்தை உடைஞ்சு போச்சுடி."

"அண்ணே, சத்தியமா நான் யார்கிட்டயும்..."

"ரோட்டுப் பக்கமா ஓடுது. நான் மலைப்பக்கம் மாட்டிக்கிட்டேன், கூட நாய் மட்டும்தான். முன்னாடி போய் மறிக்க ஆளில்ல. மீன் லாரி வர்ற நேரம் இது. உனக்கென்ன, நீ வெளியூர்க்காரனுக்கு வானத்தைக் காட்டு."

வைத்துவிட்டான்.

சோன்ட்ரெ. வேறு யார். ரவ்னா போனைப் பாக்கெட்டில் திணித்தாள். இங்கிருந்து ஸுவ்ரா முனைக்குப் பதினோரு கிலோமீட்டர். மந்தை ரோட்டுக்கு வந்துவிட்டால் எண்பதில் வருகிற லாரி நிற்காது. ரோட்டைத் தாண்டிவிட்டாலோ, அந்தப் பக்கம் அடுத்த குடும்பங்களின் மந்தை. இரண்டும் கலந்தால் குறி பார்த்துப் பிரித்தெடுப்பதற்குள் சினை மான்கள் பாதி செத்துவிடும்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை. "இப்பதானே ஆரம்பிச்சிருக்கு!" என்றான் யோரிஸ், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

"ஏறச் சொன்னேன். கட்டையை மடக்கறீங்களா, இல்ல உங்களையும் கட்டையையும் இங்கயே விட்டுட்டுப் போகவா?"

மூன்று வருஷத்தில் எந்த விருந்தாளியிடமும் அவள் இப்படிப் பேசியதில்லை. டீட்லிண்டெதான் முதலில் ஏறினாள். ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து ஜெர்மனில் ஒரு அதட்டல் போட்டாள். டிராமில் கடைசிப் படியில் தொங்கியவர்களை நாற்பது வருஷம் அதட்டிய தொண்டை அது. நிமிஷத்தில் எல்லோரும் உள்ளே.

ஓட்டிக்கொண்டே ரவ்னா சொன்னாள். "ஒரு தடவதான் சொல்லுவேன். கலைமான் மந்தை ஒண்ணு பயந்து ரோட்டைப் பாத்து ஓடி வருது. அதை நாம மறிக்கணும். பாறைக்கும் ஓடைக்கும் நடுவுல நூறடி இடம். சீட்டுல கிடக்கற போர்வை ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கணும். பேசக் கூடாது. போன், கேமரா, லைட் எதுவும் எரியக் கூடாது. மேல பாக்கக் கூடாது."

"மேல பாக்கக் கூடாதா?" என்றான் டென்மார்க்காரர்களில் ஒருவன்.

"கூடாது. தலை மேல போனா கை கீழ வந்துரும்."

"அதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ஆமா. அதைப் பாக்க வந்தவங்களாலதான் அது ஓடுது," என்றாள் ரவ்னா. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

டீட்லிண்டெயின் கையில் டார்ச்சையும் சிவப்புச் சட்டையையும் கொடுத்து, லாரி வரும் திசையில் இருநூறு அடி தள்ளி ரோட்டில் நிறுத்தினாள். "எது வந்தாலும் நிக்கணும்." "நிக்கும்," என்றாள் அந்த அம்மாள். மற்ற ஏழு பேரைப் பள்ளத்தாக்கின் வாயில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓடையோரத்தில், வேகத்தால் உறையாமல் நீர் ஓடுகிற பக்கம், அவளே நின்றாள். முழங்கால் அளவு பனி. மைனஸ் இருபத்தெட்டு.

முதலில் வந்தது சத்தம்தான். மான் நடந்தால் கால் நரம்பு எலும்பில் தட்டி டக் டக் என்று ஒலிக்கும். மந்தையே ஓடி வந்தபோது, கல் மழை கொட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மூச்சுப் புகை. அப்புறம் கொம்புகள். தலைக்கு மேல் வானம் வெறி பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. பனியெல்லாம் பச்சையாகி, கொம்பு கொம்பாக நிழல் விழுந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே அதைவிட நல்ல ஒளி வரவில்லை என்று மறுநாள் ஊரே பேசியது. பார்க்க வந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்னால் வந்த கிழட்டுப் பெண்மான் இருபதடியில் நின்றது. பின்னால் வந்தவை அதை முட்டின. அது வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. யோரிஸுக்கும் ஸ்பெயின் பெண்ணுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம். மானுக்கு அது தெரிந்துவிட்டது. ஓரடி வைத்தது. இன்னோரடி. ரவ்னாவால் கத்த முடியாது. கத்தினால் எல்லாம் சிதறிவிடும். யோரிஸ் போர்வையை இறக்காமல் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தான். தோளில் மாட்டியிருந்த கேமரா வழுக்கிப் பனியில் பொத்தென்று விழுந்தது. அவன் குனியவில்லை. கீழேகூடப் பார்க்கவில்லை. இடைவெளி மூடிக்கொண்டது.

ரோட்டில் லாரி வருகிற இரைச்சல், பிறகு பிரேக் கிறீச்சிடும் சத்தம், பிறகு ஓர் ஆள் நார்வேஜியனில் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டுகிற சத்தம். ஒரு பெண் குரல் ஜெர்மனில் ஒரே ஒரு வாக்கியம் பதில் சொன்னது. லாரியின் விளக்கு அணைந்தது.

கிழட்டு மான் தலையை உதறிவிட்டுத் திரும்பியது. மந்தையும் திரும்பியது.

இஸ்ஸாத் பனி ஸ்கூட்டரில் வந்து சேர அரைமணி ஆயிற்று. கண்ணிமையெல்லாம் பனி. அவன் முதலில் தங்கையைப் பார்க்கவில்லை. ஓடையோரக் கற்களுக்கு நடுவில் முன்னங்கால் ஒடிந்து கிடந்த ஒரு சினை மானிடம் போய் மண்டியிட்டு, அதன் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு, கத்தியால் முடித்தான். ஸ்பெயின் பெண் விம்மினாள். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து வரிசையில் நின்றவர்களைப் பார்த்தான்.

"இவங்களையும் கூட்டிட்டு வந்துட்டியா? ஒரு வேன் பத்தலையா?"

"இவங்க இல்லைன்னா இப்ப நீ ரோட்டுல செத்த மானைப் பொறுக்கிக்கிட்டு இருப்பே," என்றாள் ரவ்னா. "நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாம எப்படி வந்தான்? கனவு கண்டானா?"

அவள் வரைபடத்தைப் பற்றிச் சொன்னாள். வேனில் ஒட்டியிருக்கிற டப்பா போன இடமெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது, எல்லா இடமும் போய் இங்கே மட்டும் போகாததால் இங்கேதான் ஏதோ இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாள். இஸ்ஸாத் அதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, காறித் துப்பினான்.

"ஆக, வாய் சொல்லல. வண்டி சொல்லிருச்சு. மானுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அண்ணே, உன் மான் மட்டுமில்ல, என் மானும் இதுலதான் இருக்கு!"

"தெரியும். அதான் எனக்கு வயிறு எரியுது. வேற எவளோன்னா போய்த் தொலையட்டும்னு விட்டிருப்பேன்." ஸ்கூட்டரில் ஏறினான். "இனிமே இங்க வச்சிருக்க முடியாது. ஒரு தடவை பயந்த இடத்துல மான் நிக்காது. மந்தையை நகர்த்தப் போறேன். எங்கன்னு என்கிட்ட கேக்காதே."

இரண்டு பேரும் தாய்மொழியில் பேசியதால் விருந்தாளிகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

அவன் போனதும் பள்ளத்தாக்கிலிருந்து சோன்ட்ரெயின் வேன் ஊர்ந்து வந்து நின்றது. இறங்கியவன் முகத்தில் ரத்தமே இல்லை. ரவ்னா நேரே போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"என்னடா பண்ணே? உனக்குக் கண்ணு இல்ல? தடம் தெரியல? பனி பூரா குளம்படி, அதுகூடவா தெரியல?"

"தெரியாது," என்றான் சோன்ட்ரெ. "எனக்கு எப்படித் தெரியும் ரவ்னா? ட்ரோன் விட்டது தப்புதான், என் வண்டியில வந்த ஒருத்தன் கேட்டான், விடச் சொல்லிட்டேன். ஆனா நீ காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திருப்பேனா? சதுப்புன்னு சொன்னே. சதுப்புன்னுதானே சொன்னே?"

காலரை விட்டாள். அறைய ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அறைந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீஸுக்குப் போனபோது டோர்கெய்ர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டான். மிகவும் வருத்தம், தெரியாமல் நடந்துவிட்டது, இறந்த மானுக்கு நஷ்டஈடு கண்டிப்பாக உண்டு, இனிமேல் ட்ரோனுக்குத் தடை. எல்லாம் முறையாகத்தான் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ஒண்ணு பாரு," என்று போனை நீட்டினான். "டீட்லிண்டென்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. வாழ்க்கையிலேயே இப்படி ஒரு ராத்திரி வரலையாம். மத்த ஏழு பேரும் அஞ்சு அஞ்சு நட்சத்திரம். ஒளியை ஒருத்தரும் முழுசா பாக்கல, ஒருத்தரும் காசைத் திருப்பிக் கேக்கல! நான் என்ன யோசிக்கறேன்னா, உங்க அண்ணன் சம்மதிச்சா, வாரத்துல ஒரு நாள் இதையே சின்னதா..."

"எதை?"

"மனுஷ வேலி. விருந்தாளிங்க வரிசையா நிக்கறது. பத்திரமாத்தான், பழக்கின மான் நாலஞ்சை வச்சு..."

ரவ்னா மேஜையில் இருந்த காபிக் குவளையை எடுத்துச் சுவரில் அந்த வரைபடம் தெரிந்த இடத்தில் அடித்தாள். அவள் அப்படிச் செய்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஒரு மானை எங்கண்ணன் மடியில வச்சு அறுத்தான்," என்றாள். "வயித்துல குட்டி இருந்துச்சு. அதையும் டிக்கெட்ல சேர்த்துக்கறியா?"

டோர்கெய்ர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல அவள் நாக்கு நுனியில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அவள் ஓட்டும் வேனுக்கான அந்த வார அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் ரவ்னா, செவ்வாய் ரவ்னா, புதன் சோன்ட்ரெ, வியாழன் புது ஆள். அவள் பெயரை அடித்தால் அந்தக் கட்டத்தில் வேறொரு பெயர் வரும். வேன் நிற்கப் போவதில்லை. யார் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. அவள் வெளியே வந்து, தன் காரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

இஸ்ஸாத் முற்றத்தில் சறுக்குவண்டியில் தீவன மூட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். மத்தியான நீல வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. தங்கையைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி கயிற்றை இழுத்தான்.

"காபி உள்ள இருக்கு," என்றான் கடைசியில்.

"காபி குடிக்க வரல. மந்தையை எங்க கொண்டு போறே?"

"கேக்காதேன்னு சொன்னேன்."

"கேப்பேன். நான் வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்தா உனக்கு மனசு ஆறுமா? ஆறட்டும். நாளைக்கு அந்த வேனை சோன்ட்ரெ ஓட்டுவான். நாளன்னைக்கு இன்னொருத்தன். அவனுங்களுக்கு நீ எங்க இருக்கேன்னு தெரியாது. நானே ஓட்டினாலும் எனக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரியாம ஒரு நா உன் தலையிலயே கொண்டு வந்து நிறுத்துவேன். அப்பவும் என்னைத்தான் திட்டுவே."

"சொன்னா மட்டும் என்ன கிழிச்சே? சுத்தி ஓட்டி, படம் போட்டுல்ல காட்டிக் குடுத்தே."

"ஆமா, காட்டிக் குடுத்தேன்! மூணு வருஷமா ஒவ்வொரு நாளும் உன் மான் பக்கம் ஒரு வெளிச்சம் விழாம பாத்துக்கிட்டேன். அதுக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டாம். கெட்ட வார்த்தையாவது கொஞ்சம் குறைச்சலா சொல்லலாம்ல?"

இஸ்ஸாத் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் கோபம் குறையவில்லை. ஆனால் இந்த முறை அவளைப் பார்த்துப் பேசினான்.

"பாஸ்தே ஏரிக்கு," என்றான். "எதிர்க்கரைக் காடு."

ரவ்னா அவனிடம் ஓரடி நெருங்கினாள். அவள் எப்போதும் வேன் நிறுத்துகிற இடத்துக்கு நேர் எதிரே. "அங்கயா? அங்க எப்படி? எல்லா இடத்துலயும் ஐஸ் மூடிக் கிடக்கு."

"காட்டுக்குள்ள மழை அவ்வளவு இறங்கல. பாசி கணுக்கால் வரைக்கும் கிடக்கு. முந்தாநேத்துத் தோண்டிப் பாத்தேன்." இஸ்ஸாத் உதட்டைக் கடித்தான். "ஏன் கிடக்குன்னு கேளு. மூணு வருஷமா அங்க ஒரு மான் வாய் வைக்கல. தினம் ராத்திரி உன் வேன் வந்து நிக்குது, எட்டுப் பேர் கைகொட்டிச் சிரிக்கறாங்க. அதுக கிட்டயே வரல. ஸுவ்ராவைப் பத்திரமா பாத்துக்கிட்டேன்னு சொன்னியே. நிஜம்தான். பாஸ்தேவை நீதான் எடுத்துக்கிட்டே. நான் உன்கிட்ட சொல்லல. என்ன சொல்றது, கூடப் பிறந்தவளாச்சே."

அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். மூன்று குளிர்காலம் அவன் இதை விழுங்கிக்கொண்டு, போனில் மேகம் எப்படி என்று விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவளும் கம்பெனியில் ஸுவ்ராவைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இரண்டு பேருடைய மௌனத்துக்கும் நடுவில் மான்தான் பட்டினி கிடந்தது. அவளுக்கு டோர்கெய்ர்மேல் வந்த கோபம், சோன்ட்ரெமேல் வந்த கோபம் எல்லாம் திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது.

"எப்ப நகர்த்தறே?" என்றாள்.

"நாளைக்குக் காலையில."

"நாளைக்கு வேணாம். இன்னிக்கே ஓட்டு. இன்னிக்கு சாயங்காலத்துலேருந்து அந்த ஏரிக்கு ஒரு வண்டி வராது."

"என்ன சொல்லி நிறுத்துவே? சதுப்புன்னா?"

"மான் நிக்குதுன்னு சொல்லப் போறேன். எங்கண்ணன் மந்தை பாஸ்தேல நிக்குது, எவனும் அந்தப் பக்கம் வராதீங்கன்னு. டோர்கெய்ர்கிட்ட, சோன்ட்ரெகிட்ட, அந்தப் புது ஆள்கிட்ட, மத்தக் கம்பெனிக்காரங்ககிட்டயும்."

இஸ்ஸாத்தின் முகம் மாறியது. யாரோ அவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறேன் என்று சொன்ன மாதிரி நின்றான். மந்தை நிற்கிற இடத்தை அவன் அப்பன் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் தன் மனைவியின் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. கயிற்றின் முனையைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். நாய் அவனைப் பார்த்தது. ரவ்னா எழுந்து நின்றாள். அவன் வேண்டாமென்றால் சண்டைக்குத் தயாராக.

"சொல்லித் தொலை," என்றான் இஸ்ஸாத், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "முணுமுணுக்காதே. சத்தமா சொல்லு."